பொலிஸ் அரசு: பிரஷிய வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

பொலிஸார் ஓர் ஊர்வலத்தைத் தடிகொண்டு கலைத்தனர் என்றோ, காவலில் இருந்த ஒருவர் இறந்தார் என்றோ செய்தி வெளிவருந்தோறும், இந்நாடு சனநாயக நாடாகவே இருக்கின்றதா, அன்றிப் பொலிஸ் அரசாக மாறிவருகின்றதா என்னும் வினா எந்நாட்டிலும் எழுகின்றது. சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தபொழுது மாணவர் ஒருவர் இதனைச் சற்று வேறுவிதமாகக் கேட்டார். எத்தனை பேர் அடிபட்டபின் ஒரு நாடு பொலிஸ் அரசாகும் என்பதே அவர் வினா. வகுப்பிலிருந்தோர் நகைத்தனர், யானும் நகைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பின்னர் எண்ணிப் பார்க்குமிடத்து, அது நகைத்து விடுதற்குரிய வினாவன்று என்பது புலனாயிற்று. அன்று கூறாத விடையை இக்கட்டுரையிற் கூற முயல்கின்றேன்.

திருவள்ளுவர் கொடுங்கோன்மையைப் பற்றிக் கூறி முடித்தபின், வெருவந்தசெய்யாமை என வேறோர் அதிகாரத்தை வகுத்துவைத்தார். முறையின்றி ஆளுதல் வேறு, குடிகள் அஞ்சும்படி நடத்தல் வேறு என்பது அவர் கருத்துப் போலும். பொலிஸாரின் கடுமை இரண்டாவது வகைக் குற்றம். பொலிஸ் அரசு என்பதோ முதலாவது வகையைச் சார்ந்தது. ஒன்று மற்றொன்றிற்கு இட்டுச் செல்லுமா, செல்லுமாயின் எவ்வழியாக என்பதே நாம் ஆராய வேண்டியது. இதற்கு ஜேர்மனியின் வரலாற்றை, சிறப்பாகப் பிரஷியாவின் வரலாற்றை, எடுத்துக்கொள்ளுதல் பொருத்தமாகும். பொலிஸ் அரசு என்னும் சொல் பிறந்த இடம் அதுவே. சனநாயக நாடொன்று உண்மையாகவே பொலிஸ் அரசாக மாறியதும் அங்கேதான்.

பழைய ஜேர்மன் வழக்கில் 'பொலிஸ்' என்னும் சொல் சீருடை அணிந்த காவலரைக் குறிக்கவில்லை. நாட்டின் நல்லொழுங்கு முழுவதையும் அது குறித்தது. யார் எவ்வாடை அணியலாம், திருமண விருந்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பனவும் 'பொலிஸ்' விடயங்களாகவே கருதப்பட்டன. இரண்டாம் பிரெடரிக் மன்னன் 1781ஆம் ஆண்டில் கோப்பி வறுக்கும் உரிமையை அரசுக்கே உரித்தாக்கினான். பின்னர், சேவையிலிருந்து விலகிய படைவீரரைத் தெருத்தெருவாக அனுப்பி, எவ்வீட்டிலிருந்து கோப்பி வறுக்கும் மணம் வருகின்றதென்று மோந்து பார்க்கச் செய்தான். மாணவர்கள் மறவாது நினைவில் வைத்திருக்கும் வரலாற்றுச் செய்திகளுள் இதுவும் ஒன்று. எனினும் இதனுள் ஒரு பொருளுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர்கள் முந்திய ஆட்சிமுறையைப் பொலிஸ் அரசு என்றும், தாம் விரும்பிய ஆட்சிமுறையைச் சட்ட அரசு என்றும் பிரித்துக் கூறியபொழுது, அடியையும் உதையையும் அவர்கள் முதன்மையாகக் கருதவில்லை. மோப்பம் பிடிக்க வந்தவனை எதிர்த்துக் கேட்பதற்குக் குடிமகனுக்கு ஓரிடமும் இல்லை என்பதையே கருதினர். மன்னன் நல்லவனாயினும் தீயவனாயினும் அந்நிலை மாறாது.

பிரஷியாவில் அந்நிலையை மாற்றியது ஒரு புரட்சியன்று; ஒரு வீட்டு வழக்கு. நெப்போலியனுக்கு எதிரான போர்களின் வெற்றியை நினைவுகூரும் தூபியொன்று பேர்லின் நகரத்தில் குரொய்ட்ஸ்பேர்க் என்னும் குன்றின்மேல் 1821இல் எழுப்பப்பட்டது. அத்தூபி தெளிவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, அதன் சூழலில் உயர்ந்த கட்டடங்கள் கட்டலாகாதெனப் பொலிஸ் தலைமையகம் 1879இல் ஒரு விதி பிறப்பித்தது. அவ்விதியின்படி அனுமதி மறுக்கப்பட்ட நிலவுரிமையாளர் ஒருவர் நிர்வாக உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தார். 1875இல் நிறுவப்பட்ட அந்நீதிமன்று 1882 யூன் 14ஆம் நாள் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1794ஆம் ஆண்டின் பிரஷியப் பொதுச் சட்டத்தின்படி பொலிஸாரின் கடமை அமைதியையும் பாதுகாப்பையும் ஒழுங்கையும் காத்து, ஆபத்தைத் தடுத்தலே. தூபியின் அழகைப் பேணுதல் ஆபத்தைத் தடுத்தலாகாது. ஆதலின் அவ்விதி செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். பேரரசனும் பிஸ்மார்க்கும் ஆண்ட காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை எதுவும் இல்லாத நாட்டில், பொலிஸாரின் அதிகாரத்துக்கு இவ்வாறு ஓர் எல்லை இடப்பட்டது. சனநாயகம் வருவதற்கு முன்னரே சட்ட அரசு வரலாம் என்பதற்கு இது சான்று. சனநாயகம் வந்தபின்னர் அது போகவும் கூடும் என்பதை இனிக் காண்போம்.

1918இல் பேரரசு வீழ்ந்தது. மறு ஆண்டு வைமார் யாப்பின்படி குடியரசு அமைந்தது. ஜேர்மனியின் நிலத்திலும் மக்கட்டொகையிலும் ஐந்தில் மூன்று பங்கைக் கொண்டது பிரஷியா. அங்கு 1920 தொடக்கம், சிற்சில இடைவெளிகளைத் தவிர, சமூக சனநாயகக் கட்சியின் ஒட்டோ பிரௌன் முதலமைச்சராக இருந்தார். உள்நாட்டமைச்சர்களாக இருந்த செவெரிங், கிறெசின்ஸ்கி ஆகியோரும் அக்கட்சியினரே. பொலிஸ் படையைக் குடியரசின் படையாக்குவதில் அவர்கள் உண்மையான ஆர்வங் கொண்டிருந்தனர். 1926இல் பேர்லினில் ஒரு பெரிய பொலிஸ் கண்காட்சி நடைபெற்றது. பொலிஸார் மக்களின் நண்பரும் உதவியாளருமாவர் என்னும் வாசகம் அக்காலத்தில் வழங்கத் தொடங்கியதே. ஆயின், அப்படையின் அதிகாரிகளிற் பலர் பழைய இராணுவத்திலிருந்து வந்தோர். காவலர் பாசறைகளில் தங்கவைக்கப்பட்டு, படைவீரர் போலப் பயிற்றப்பட்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் கவச வண்டிகளும் அவர்களிடம் இருந்தன. நண்பன் என்ற பெயரும் படைவீரன் என்ற பயிற்சியும் ஒருவனிடத்திலேயே அமைந்தால், நெருக்கடி வரும்போது பெயரன்று, பயிற்சியே முந்தும்.

அந்நெருக்கடி 1929 மே மாதத்தில் வந்தது. பேர்லின் பொலிஸ் தலைவராகிய கார்ல் சேர்கீபல், முந்திய டிசெம்பரிலேயே திறந்த வெளிக் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் தடைசெய்திருந்தார். அவரும் சமூக சனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்திலிருந்து உயர்ந்தவர். பல்லாண்டுகளாகத் தொழிலாளர் கொண்டாடிவந்த மே தினத்திற்கும் அத்தடையை நீக்க அவர் இசையவில்லை. பொதுவுடைமைக் கட்சியோ தடையை மீறி வருமாறு தொழிலாளரை அழைத்தது. மே 1ஆம் நாள் காலையிலேயே தடியடி தொடங்கியது. நண்பகலின் பின் துப்பாக்கி வெடித்தது. வெட்டிங், நொய்கேல்ன் ஆகிய தொழிலாளர் பகுதிகளின் ஒடுங்கிய தெருக்களில் மூன்று நாள் கவச வண்டிகள் ஓடின. பொலிஸார் சுட்ட வேட்டுகள் ஏறத்தாழ 11,000. இறந்த பொதுமக்கள் 33 பேர். காயமுற்றோர் ஏறக்குறைய 200 பேர். கைதானோர் 1,200க்கு மேற்பட்டோர். பொலிஸார் தரப்பில் எவரும் சுடப்பட்டு இறக்கவில்லை. இறந்தோருட் பலர் ஊர்வலத்திற் சென்றவரல்லர். தத்தம் வீட்டிலும் வாயிலிலும் தெருவிலும் நின்றவரே. முதலிற் பலியானவர்களுள் ஒருவர், தம் வீட்டுச் சாளரத்தருகே நின்ற ஒரு தொழிலாளி. அவர் குடியரசைக் காப்பதற்கென அமைந்த சங்கத்தின் உறுப்பினர். பொலிஸ் தலைவரின் சொந்த அரசியற் பக்கத்தைச் சேர்ந்தவர் என்றே அவரைக் கூற வேண்டும். நியூசிலாந்து நாட்டுப் பத்திரிகையாளர் சாள்ஸ் மக்கே என்பவரும் மே 3ஆம் நாள் நொய்கேல்னில் பொலிஸ் குண்டுக்கு இரையானார்.

இவ்வளவு நிகழ்ந்தும், காவலர் ஒருவரேனும் நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை. பொதுவுடைமைக் கட்சியின் படையணி தடைசெய்யப்பட்டது. அதன் நாளேடு சில வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. கார்ல் வொன் ஒசியெட்ஸ்கி முதலிய எழுத்தாளர் சிலர் கூடி, தாமாகவே ஒரு விசாரணைக் குழு அமைத்துச் சாட்சியங்களைத் திரட்டினர். அரசு அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அந்நாள் ஜேர்மனியைப் பொலிஸ் அரசு என்று கூறலாமா? பொதுவுடைமைக் கட்சி அதற்கும் மேலே சென்றது. சமூக சனநாயகக் கட்சியினர் சமூக பாசிஸ்டுகளே என்றும், அவர்களே தலையாய பகைவர் என்றும் அது முழங்கியது. வெட்டிங் தெருக்களிற் பிணங்கள் கிடந்ததைக் கண்டவர்களுக்கு அம்முழக்கம் பொருந்துவதாகவே தோன்றியிருக்கும். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் அது தவறு என்றே கருதுகின்றேன். தடைசெய்யப்பட்ட நாளேடு சில வாரங்களின் பின் மீண்டும் வெளிவந்தது. ஒசியெட்ஸ்கியின் குழு கூடியது, பேசியது, எழுதியது. பேர்லின் பொலிஸின் துணைத் தலைவர் பேர்ன்ஹார்ட் வைஸ் யூதர். அவரை இழிபெயரிட்டு நாடோறும் ஏசிவந்த கோயபெல்ஸ் என்பாரை அவர் தடியால் அடக்கவில்லை. வழக்குத் தொடுத்துப் பன்முறை வென்றார். 1931 யூன் 1ஆம் நாள் நிறைவேறிய பிரஷியப் பொலிஸ் நிர்வாகச் சட்டம், குரொய்ட்ஸ்பேர்க் தீர்ப்பின் கொள்கையையே சட்ட வாசகமாக்கியது. இவையெல்லாம் உள்ள நாட்டைப் பொலிஸ் அரசு என்று அழைத்தால், இவையெல்லாம் இல்லாது போகும் நாளில் அதனை அழைப்பதற்கு நம்மிடம் வேறு சொல் இராது. ஜேர்மன் தொழிலாளருக்கு நேர்ந்ததும் இதுவே. பாசிசம் ஏற்கெனவே வந்துவிட்டதென்று நான்காண்டு கூறக் கேட்டவர்கள், அது உண்மையாகவே வந்தபொழுது அதன் காலடியோசையை வேறுபடுத்தி அறியவில்லை.

ஈண்டு ஓர் இடைப்பிறவரலைக் கூறாது செல்ல இயலவில்லை. 1931 ஓகஸ்ட் 9ஆம் நாள் பேர்லினின் பூலோ சதுக்கத்தில் பொலிஸ் கப்டன்கள் இருவர் பின்புறமிருந்து சுட்டுக் கொல்லப்பட்டனர். பொலிஸார் முதல்நாள் ஒரு தொழிலாளியைச் சுட்டதற்குப் பழிவாங்கலாக அது நிகழ்ந்தது. சுட்டவர்களுள் ஒருவர் எரிக் மீல்கே என்னும் இளைஞர். மொஸ்கோவுக்குத் தப்பிச்சென்ற அவர், பிற்காலத்தில் கிழக்கு ஜேர்மனியின் அரச பாதுகாப்பு அமைச்சராகி, 1957 முதல் 1989 வரை அந்நாட்டின் இரகசியப் பொலிஸை நடத்தினார். பொலிஸ் கொடுமையை வெறுத்தவர் எல்லாரும் பொலிஸ் அரசை வெறுத்தவர் அல்லர். அவ்விரு கப்டன்களின் கொலைக்காக, 62 ஆண்டுகளின் பின், 1993இல், அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

மே 1929ஐப் பொலிஸ் அரசு என்று கூறலாகாதெனின், அது பொலிஸ் அரசுக்கு வழி திறக்கவில்லை என்றாவது கூறலாமா? அதுவும் இயலாது. 1932 யூலை 20ஆம் நாள் நிகழ்ந்ததை நோக்குக. அதற்கு மூன்று நாள் முன், ஹம்பேர்க் நகரத்தை அடுத்த அல்டோனாவில் நாஸிகளின் ஊர்வலத்தையொட்டி மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலார் பொலிஸ் குண்டுகளாலேயே இறந்தனர். பிரஷிய அரசு ஒழுங்கைக் காக்கத் தவறிவிட்டது என்று கூறி, மத்திய அரசின் சான்சலர் வொன் பாப்பன், சனாதிபதி ஹிண்டன்பேர்க்கின் அவசரகாலக் கட்டளையைக் காட்டி பிரஷிய அமைச்சரவையை நீக்கினார். பேர்லினில் இராணுவ ஆட்சி பிரகடனமாயிற்று. அந்நாள் பேர்லின் பொலிஸ் தலைவராயிருந்த கிறெசின்ஸ்கியும், துணைத் தலைவர் வைஸும், படைத் தளபதியும் கைதாகி, இனிப் பதவிக் கடமை எதனையும் ஆற்றோம் என்று எழுதிக் கொடுத்து விடுதலையாயினர். பலாத்காரத்துக்கன்றிப் பணியேன் என்று கூறிய அமைச்சர் செவெரிங்கை அலுவலகத்திலிருந்து வெளியேற்றுவதற்கு, புதிய பொலிஸ் தலைவரும் அதிகாரிகள் இருவருமே போதுமானவராயினர். மூன்றாண்டுகளின் முன் 11,000 வேட்டுத் தீர்த்த படை, தன் அரசை நீக்கிய அன்று ஒரு வேட்டும் தீர்க்கவில்லை. வெட்டிங்கிலிருந்தும் எவரும் அதன் உதவிக்கு வரவில்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தால் பொது வேலைநிறுத்தம் பயன்தராது என்பதும், அவ்வரசு ஏப்ரல் தேர்தலின்பின் பெரும்பான்மை இழந்து இடைக்கால அரசாகவே இருந்தது என்பதும் காரணங்களே. ஆயின் தம் தெருவிற் கவச வண்டியை ஓட்டியவரைக் காக்க எத்தொழிலாளி எழுவான்? கடுமையான பொலிஸ் படை சனநாயகத்தின் அரண் என்று நினைத்தோர், அவ்வரண் மக்களிடமிருந்தே தம்மைப் பிரித்துவிட்டதை அன்று அறிந்தனர்.

1933 சனவரி 30ஆம் நாள் ஹிட்லர் சான்சலரானார்; பாப்பன் தலையைக் கொய்துவைத்திருந்த பிரஷியப் பொலிஸ் ஹேர்மன் கோரிங்கின் கையிற் சேர்ந்தது. பெப்ரவரி 17ஆம் நாள் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். துப்பாக்கியைப் பயன்படுத்தும் காவலரை, விளைவு யாதாயினும், தாம் காப்பதாகவும், தவறான இரக்கத்தால் பயன்படுத்தாது விடுவோர் தண்டனை பெறுவரென்றும் அதிற் கூறினார். இக்கட்டளையைப் படிக்குந்தோறும் எனக்கு 1929ஆம் ஆண்டே நினைவிற்கு வரும். சுட்டவன் விடை கூற வேண்டியதில்லை என்பது அன்று எழுதப்படாத வழக்கமாய் இருந்தது. இன்று அது எழுத்திலேறியது. மே நிகழ்ச்சிகளுக்காக மூன்று காவலரையாவது நீதிமன்றம் விசாரித்திருப்பின், கோரிங்கின் கட்டளை ஒரு பழக்கத்தின் தொடர்ச்சியாகத் தோன்றியிராது. பழக்கத்தின் முறிவாகவே தோன்றியிருக்கும். அதனால் ஹிட்லர் தடுக்கப்பட்டிருப்பார் என்று யான் கூறவில்லை. ஆயினும் ஒவ்வொரு காவலனும் தான் ஒரு வாயிலைக் கடந்து செல்வதை உணர்ந்திருப்பான்.

எஞ்சியவை விரைவில் நடந்தன. பெப்ரவரி 22ஆம் நாள் நாஸிப் படையணியினர் முதலியோர் ஏறத்தாழ 50,000 பேர் கையிற் பட்டி கட்டித் துணைப் பொலிஸாராயினர். ரைக்ஸ்டாக் கட்டடம் எரிந்த மறுநாளாகிய 28ஆம் நாள், ஆட்சுதந்திரம், பேச்சு, கூட்டம், சங்கம், கடித இரகசியம் முதலிய உரிமைகள் அவசரகாலக் கட்டளையால் நிறுத்திவைக்கப்பட்டன. மறு அறிவித்தல் வரை என்று பிறந்த அக்கட்டளை அவ்வாட்சி அழியும்வரை நீடித்தது. ஏப்ரலில் இரகசிய அரச பொலிஸ், அஃதாவது கெஸ்டாப்போ, அமைந்தது. அதன் முதற் தலைவர் ருடொல்ப் டீல்ஸ் புதிதாக வந்த நாஸியல்லர். செவெரிங்கின் அமைச்சில் அரசியற் பொலிஸ் பிரிவிற் பணியாற்றிய அதிகாரி. குடியரசு தன் பகைவரைப் பற்றித் திரட்டிய கோவைகளும் அவருடனேயே சென்றன.

எனினும் பொலிஸ் அரசு முழுமையடைந்த நாள் யாதென்று கேட்பின், 1933இன் இந்நாட்களுள் எதனையும் யான் காட்டமாட்டேன். 1935ஆம் ஆண்டையே காட்டுவேன். கெஸ்டாப்போவின் கட்டளைகளை எதிர்த்து வழக்குத் தொடுக்க இயலாதென அவ்வாண்டில் ஒரு தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்தது பிரஷிய நிர்வாக உயர் நீதிமன்று. குரொய்ட்ஸ்பேர்க் தூபி வழக்கிற் பொலிஸாருக்கு எல்லையிட்ட அதே நீதிமன்று. ஒரு வீட்டின் உயரத்தைக் கூறப் பொலிஸாருக்கு அதிகாரமில்லை என்ற மன்று, ஒரு மனிதனின் உயிரைப் பற்றித் தன்னிடம் கேட்கற்க என்றது. 1936 பெப்ரவரி 10ஆம் நாட் சட்டம் அதனையே ஏழாம் பிரிவில் எழுதிவைத்தது. அவ்வாண்டு யூனில் ஹிம்லர் ஜேர்மன் பொலிஸ் முழுவதற்கும் தலைவரானார்.

அதன் பின்னர் நீதிமன்றங்கள் மூடப்பட்டன என்று எவரும் எண்ணற்க. அவை வழக்கம்போல் நடந்தன. மார்ட்டின் நீமோலர் என்னும் கிறித்தவ போதகர் 1938 மார்ச்சில் விசாரிக்கப்பட்டு, அதுவரை சிறையிலிருந்த காலமே அவர் தண்டனைக்கு ஈடாகுமெனத் தீர்ப்புப் பெற்றார். சட்டப்படி அவர் வீடு செல்ல வேண்டியவர். கெஸ்டாப்போ உடனே அவரைப் பிடித்துச் சித்திரவதை முகாமுக்குக் கொண்டுசென்றது. 1945 வரை அவர் வெளிவரவில்லை. இதற்குப் பாதுகாப்புக் காவல் என்று பெயர். 1949இல் மேற்கு ஜேர்மனியின் யாப்பை எழுதியோர் இவற்றையெல்லாம் பட்டறிந்தவர்கள். பொது அதிகாரத்தால் உரிமை கெடுக்கப்பட்ட எவரும் நீதிமன்றை நாடலாம் என்பதனை 19ஆம் உறுப்புரையிற் சேர்த்தனர்.

எனவே அம்மாணவர் கேட்ட எத்தனை பேர் என்னும் வினாவிற்கு எண்ணால் விடை கூறுதல் இயலாது. முப்பத்து மூன்று பேர் இறந்த ஆண்டில் ஜேர்மனி பொலிஸ் அரசு அன்று. ஒரு போதகர் நீதிமன்றிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட ஆண்டில் அது பொலிஸ் அரசு. ஆயின் அம்முப்பத்து மூவர்க்கும் கணக்குக் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்கப்படாத ஒவ்வொரு கணக்கும், கேட்கும் உரிமை இல்லை என்று பின்னர் வருவோன் கூறுவதற்கு முன்மாதிரியாகின்றது.

அக்கணக்கைக் கேட்க முயன்ற ஒசியெட்ஸ்கி இருவகை ஆட்சியையும் தம் உடலால் அறிந்தவர். இரகசியமாக நடந்த படைக்கலப் பெருக்கத்தைத் தம் சஞ்சிகையில் வெளியிட்டமைக்காக, குடியரசு 1931இல் அவருக்கு 18 மாதச் சிறை விதித்தது. அத்தீர்ப்பு நியாயமற்றது என்பதே பலர் முடிபு. ஆயினும் குற்றச்சாட்டு இருந்தது, வழக்கறிஞர் வாதாடினர், காலம் வரையறுக்கப்பட்டது, 1932 டிசெம்பரில் பொதுமன்னிப்பால் அவர் வெளிவந்தார். ரைக்ஸ்டாக் எரிந்த இரவு கழிந்ததும் மீண்டும் கைதானார். இம்முறை குற்றச்சாட்டும் இல்லை, காலவரையறையும் இல்லை. முகாமிலே காசநோயுற்று, 1935ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசைப் பெற்றவராகவே, 1938 மே 4ஆம் நாள் பேர்லின் மருத்துவமனையொன்றிற் பொலிஸ் காவலில் இறந்தார். அவ்வைந்தாண்டுக் காவலைப் பற்றி எந்த நீதிமன்றும் ஒரு நாளேனும் விசாரித்ததில்லை.